பூவின் நிறத்தை நான் எழுதவில்லை

"ஐயா, வணக்கம். உங்கள் தொடரைத் தவறாமல் படிக்கிறேன். போன மாதம் வந்த பகுதியில், எங்கள் ஊர் மலையடிவாரத்துக் காட்டில் பங்குனி மாதம் தரை தெரியாமல் நீலப்பூ பூத்துக் கிடக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அந்த நீலப்பூவுக்கு விஷ்ணுகிராந்தி என்று பெயர். ஐப்பசி மழை விட்டபிறகு, கார்த்திகையில்தான் தரையை மூடிப் பூக்கும். பங்குனியில் அங்கே நீலமாக எதுவும் இருக்காது. தயவுசெய்து திருத்தி எழுதவும். இப்படிக்கு, செல்வராஜ், விதைக்கடை, உப்பிலியபுரம்."

கோடு போட்ட நோட்டுத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. பத்திரிகை அலுவலகத்திலிருந்து எனக்கு அனுப்பி வைத்தார்கள்.

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படிக் கடிதங்கள் வருகின்றன. நானும் பதில் எழுதுகிறேன். என்னிடம் ஆதாரம் இருக்கும், எடுத்துக்காட்டுவேன், விஷயம் முடிந்துவிடும். நான் வேலை பார்த்தது ஓர் அலுவலகத்தின் பதிவறையில். தேதி முத்திரை குத்தாத காகிதம் அந்த அறைக்குள் நுழைய முடியாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்துக்கும் ஆதாரத்தைத் தேடி எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதப் பகுதியைப் படிக்காதவர்களுக்காக அந்தக் காட்சியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த சண்முகத்தின் மகனுக்குக் காதுகுத்து. உப்பிலியபுரம் தாண்டி, மலையடிவாரத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். சாப்பாடு முடிந்ததும் நானும் என் மனைவி ருக்மணியும் காட்டோடை வரை நடந்தோம். ஓடைக்கரையில் தரை முழுக்கப் பூ. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய், திரும்பி நின்று சொன்னாள்:

"என்னங்க, இன்னும் பத்து நிமிஷம் இருந்துட்டுப் போகலாமே."

நான் கடிகாரத்தைக் காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

இவ்வளவுதான் காட்சி. அடுத்த வருஷம் ஆனி மாதம் அவள் இறந்துபோனாள். இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தாளின் பின்பக்கம்

நான் டைரி வைத்துக்கொண்டதில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம்தான் என் டைரி. ஒரு பக்கம் தேதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். மறுபக்கம் வெள்ளை. அதை வீணாக்குவானேன் என்று கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம்.

வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்ததும் ருக்மணி முந்தின நாள் தாளைக் கிழிப்பாள். சந்திராஷ்டமம் யாருக்கு என்று வாய்விட்டுப் படிப்பாள். கிழித்த தாளை என் காபி டம்ளருக்கு அடியில் வைப்பாள். நேற்று நடந்ததை நேற்றைய தாளின் பின்னால் எழுதுவேன். எழுத ஒன்றும் இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது அடுக்களையில் ஒரு கிளிப்பில் போய்ச் சேரும். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுத அவளுக்கு உதவும்.

எழுதிய தாள் என் பெட்டிக்கு, எழுதாத தாள் அவள் கிளிப்புக்கு. வீட்டில் இதுதான் ஏற்பாடு. இதை ஒருநாளும் நான் மீறியதில்லை என்று எழுதத்தான் ஆசை. சில நாள் காலையில் தாள் காற்றில் பறந்து எங்காவது போய்விடும். அப்போது அடுக்களைக் கிளிப்பிலிருந்து ஒரு பழைய தாளை உருவி எழுதியிருக்கிறேன். உருவினால், அச்சடித்த தேதியை அடித்துவிட்டுச் சரியான தேதியைப் போடுவேன். எப்போதும் போட்டேனா என்று கேட்டால், தெரியாது.

செல்வராஜின் கடிதம் வந்த அன்று பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். முன்பக்கம் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேதி அடிக்கப்படவில்லை. பின்பக்கம் என் கையெழுத்து:

"உப்பிலியபுரம். சண்முகம் மகனுக்குக் காதுகுத்து. சாப்பாடு நன்று. காட்டோடை வரை நடை. தரையெல்லாம் பூ. ரு. செருப்பைக் கழற்றிவிட்டாள். பஸ் 3.40. ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம்."

பஸ் நேரத்தை எழுதியிருக்கிறேன். பூவின் நிறத்தை எழுதவில்லை. நீலம் என்று என் நினைவிலிருந்து எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அன்று அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம். புடவையின் நிறத்தைத் தரைக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு வயது எழுபத்தாறு. இப்படி நடக்கும்.

தாளைத் திரும்ப உள்ளே வைக்கப் போனவன், கீழ் மூலையைப் பார்த்தேன். ருக்மணியின் பொடி எழுத்தில் மூன்று சொற்கள். சீரகம், வெல்லம், தீப்பெட்டி.

இந்த மூலையை முன்பும் பார்த்திருக்கிறேன். என் மேஜையிலிருந்து அவசரத்துக்கு எடுத்துச் சீட்டு எழுதியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் என் மேஜைத் தாளை அவள் தொடுகிறவள் இல்லை. சீட்டு எழுதிய தாள் என்றால் அது அடுக்களைக் கிளிப்பில் இருந்த தாள். அதாவது, பங்குனியில் எழுத ஒன்றும் இல்லாமல் நான் திருப்பிக் கொடுத்த தாள். அதைப் பிறகொரு நாள் உருவி, தேதியை அடிக்காமல், காதுகுத்தை எழுதியிருக்கிறேனா?

இரண்டு தடவை குத்திய காது

காதுகுத்து எந்த மாதம் என்று தெரிந்தால் தீர்ந்தது. சண்முகம் இப்போது இல்லை. காது குத்திக்கொண்ட மகன் பிரபு மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவனை வாட்ஸ்அப்பில் பிடித்தேன்.

"எனக்கு ரெண்டு தடவ குத்தினாங்க சார்."

"ரெண்டு தடவையா?"

"மொத தடவ குத்துன ஓட்டை தூந்துபோச்சாம். கம்மல் எங்கயோ விழுந்து, யாரும் கவனிக்கல. அதே வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து, அதே கோயில், அதே கெடா வெட்டு. எங்க பெரியப்பா இப்பவும் சொல்லிக் காட்டுவாரு, ரெண்டு கெடா தின்ன காதுடா உன்னுதுன்னு."

"எந்த மாசம்னு அம்மாவைக் கேட்டுச் சொல்லேன்ப்பா."

"கேட்டுட்டேன் சார், நீங்க மெசேஜ் போட்டதுமே. ஒண்ணு நல்ல வெயில்ல, ஒண்ணு பந்தல்ல தண்ணி ஒழுகுனப்பங்குது. அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

"நாங்க எதுக்கு வந்தோம்?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? ரெண்டு தடவையும் நான் அழுதுகிட்டுல்ல இருந்திருப்பேன்."

நாங்கள் போனது ஒரு தடவைதான். அன்று கழுத்தெல்லாம் வியர்வை வழிந்தது நினைவில் இருக்கிறது. அதில் பயனில்லை. திருச்சிக்காரன் வியர்வையை வைத்து மாதம் சொல்ல முடியாது.

செல்வராஜுக்குப் போன் செய்தேன். "பங்குனி நடக்குதுங்களே ஐயா, நேர்லயே வந்து பாத்துடுங்க. அந்த ஓடை எங்க வயக்காட்டுக்கு மேலதான்" என்றார்.

டோல்கேட்டில் ஏறினோம்

தனியாகப் போக மகள் விடவில்லை, பெங்களூரிலிருந்தே. சித்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ருக்மணியின் தங்கை கோகிலா ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். அக்காவுக்கு இருந்த பொறுமை இவளுக்குக் கிடையாது.

"பூ பாக்கப் போறீங்களா? முட்டி என்ன சொல்லுது?"

"முட்டியைக் கேட்கலை."

"ஒரு பத்திரிகைக்காரனுக்கு ஒரு வரி மாத்தி எழுதிக் குடுத்தா முடிஞ்சுபோற சங்கதி. அதுக்கு ரெண்டு பஸ் மாறணும். சரி, தயிர்சாதம் கட்டிக்கறேன். வாங்க."

காலையில் டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடித்தோம். இடப்பக்கம் வெயில் என்று வலப்பக்கம் உட்கார்ந்தோம். அரைமணியில் வெயில் வலப்பக்கம் வந்துவிட்டது. திருவெள்ளறை வந்தபோது கோகிலா கோயில் இருக்கிற திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துறையூரில் இறங்கி வேறு பஸ். அதில் உட்கார இடமில்லை. ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இடம் கொடுக்கப்படுகிற வயது வந்து வெகுநாளாகிவிட்டது. இன்னும் பழகவில்லை.

ஒரு பயணம் எதற்காக என்பது பாதி வழியில் மறந்துபோகிற அளவுக்குக் களைப்பு. மறக்கவில்லை என்று காட்டச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள்.

செல்வராஜ் பஸ் நிறுத்தத்தில் பைக்கோடு நின்றார். ஐம்பது வயது, கூச்ச சுபாவம். கடிதத்தில் இருந்த கண்டிப்பு ஆளிடம் இல்லை. எங்களுக்கு ஓர் ஆட்டோ பேசி வைத்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. எங்க ஊரப் பத்தி எழுதுறதே அபூர்வம். அது சரியா வரணுமேன்னுதான்."

"நான் உங்க இடத்துல இருந்தாலும் எழுதியிருப்பேன்" என்றேன்.

"இவரு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பாரு" என்றாள் கோகிலா.

ஓடைக்கரை

கோயிலைத் தாண்டி வண்டி போகாது. வரப்பில் கொஞ்ச தூரம், பிறகு ஒற்றையடிப் பாதை. மலை எதிரே மங்கலாகத் தெரிந்தது. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. செல்வராஜ் சொன்னது சரி, நீலமாக எதுவும் இல்லை. வந்த காரியம் முடிந்தது, திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"கொஞ்சம் கீழ இறங்குங்கய்யா. நெழலா இருக்கும், தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்."

ஓடையில் தண்ணீர் இல்லை. இரண்டு கரையிலும் புங்க மரங்கள். யாரும் நட்ட மரங்கள் இல்லை என்றார் செல்வராஜ். புதுத் தளிர் எண்ணெய் தடவினது போல மினுங்கியது. அடியில் தரை தெரியவில்லை. பொரி மூட்டை அவிழ்ந்து கொட்டினது போல, கரையிலும் ஓடை மணலிலும் பாறை இடுக்கிலும் பூ. மேலே தேனீக்களின் இரைச்சல் ஒரு சீராக இருந்தது. நாங்கள் நின்ற நேரத்திலேயே தோளில் நாலைந்து விழுந்தன.

நான் அப்படியே நின்றேன்.

"இது எப்பவும் உண்டா?" என்று கேட்டேன்.

"பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும். இத யாரு பூன்னு சொல்றாங்க ஐயா, எங்களுக்கு இது எருவு. கூட்டி அள்ளி வயல்ல போடுவோம்."

"அப்போ தரையெல்லாம் பூங்கறது பங்குனிக்கும் சரியா வருது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீலம்னு போட்டிருந்தீங்களே."

"அதுதான் தப்பு."

"அப்ப சரியா வரும்." பிறகு அவரே கரைக்கு மேல் கையைக் காட்டினார். "நீலப்பூவும் இங்கதான் ஐயா. அந்தா, மரத்துக்கு வெளிய அந்த மேடு பூரா. கார்த்திகைல வந்தீங்கன்னா கால் வைக்க எடம் இருக்காது."

ஒரே இடம், வருஷத்தில் இரண்டு தடவை. இங்கே நின்று பார்த்தாலும் தீராது என்று தெரிந்துவிட்டது. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததற்கு உருக்கமான காரணம் எதுவும் இல்லை, முழங்கால்.

செல்வராஜுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற இடம் தேடி மேட்டுக்குப் போனார். கோகிலா தயிர்சாதத்தைப் பிரித்தாள்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

"பங்குனியோ கார்த்திகையோ, அப்படி என்னத்துக்கு அத்தான் உங்களுக்கு இந்த மாசம்?"

தாளை எடுத்துக் காட்டினேன். கிளிப், மளிகைச் சீட்டு, பிரபுவின் காது எல்லாவற்றையும் சொன்னேன். "பதிவு சரியா இருக்கணும். வேற ஒண்ணும் இல்லை" என்றேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள். அக்காவின் எழுத்து இருந்த மூலையை விரலால் மூடிக்கொண்டாள்.

"பங்குனின்னே வச்சுக்குங்களேன்."

"ஆதாரம் இல்லாம எப்படி வச்சுக்கறது?"

"எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்டா? புங்கம்பூ இருக்கு, தாள்ல பங்குனின்னு அச்சடிச்சிருக்கு. போதும் அத்தான். விட்டுருங்க."

அவள் எதையும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. கணக்கில் அரை மார்க் விடாதவள். அதனால்தான் கேட்டேன்.

"கோகிலா, கார்த்திகைன்னா என்ன?"

சாப்பாட்டை மூடி வைத்தாள். மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்காவுக்கு ஒடம்பு இப்படின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தை மாசம். கல்யாணம் முடிஞ்ச வாரம்."

அந்தத் தையில்தான் எங்கள் மகள் கல்யாணம். மறுவீட்டு விருந்து முடிந்த பிறகு, வயிற்று வலி என்று டாக்டரிடம் போனோம். அன்றுதான் தெரிந்தது. அன்றுதான் அவளுக்கும் தெரிந்தது என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆடிப்பெருக்குக்கு மறுநாள் நானும் அவளும் டாக்டர்கிட்டப் போனோம். புத்தூர்ல. ரிசல்ட்ட அவதான் வாங்கிப் படிச்சா. டாக்டர் அப்பவே கைய விரிச்சுட்டார். ஆபரேஷனுக்கெல்லாம் கட்டம் தாண்டிப் போச்சுன்னு."

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வெளிய வந்து கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தா எனக்கு. குடிச்சு முடிச்சதும் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. கல்யாணம் முடியற வரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா தேதி போட்டு எழுதி வச்சுக்கிட்டு தினம் அதையே பாத்துக்கிட்டு இருப்பாருன்னா."

"அப்புறமாவது நீ சொல்லியிருக்கலாம்."

"எப்ப சொல்ல? அவ போனப்புறமா? நீங்க ஒவ்வொரு திதிக்கும், தை மாசம்தான் தெரிஞ்சுது, ஆறே மாசத்துல போயிட்டான்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் என்னன்னு சொல்ல?"

அவள் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் மாதங்களை எண்ணினேன். எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. நாங்கள் இங்கே வந்தது பங்குனி என்றால், அது ஆடிக்கு நாலு மாதம் முந்தி. ஒன்றும் அறியாத ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவில் நடந்தாள். பத்து நிமிஷம் கேட்டாள், கிடைக்கவில்லை, வீட்டுக்கு வந்து தோசை வார்த்தாள். கார்த்திகை என்றால் ஆடிக்குப் பின் நாலு மாதம். எல்லாம் அறிந்தவள் அதே பத்து நிமிஷத்தைக் கேட்டாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

ஐந்து நிமிஷம் முன்னதாகவே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். அதைப் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

அடுத்த பஸ்

செல்வராஜ் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "கெளம்புனா சரியா இருக்குங்க ஐயா. இத விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான்."

"எழுந்திருங்க அத்தான். இருட்டறதுக்குள்ள ஊருக்குப் போய்ச் சேரணும்" என்றாள் கோகிலா. கையை நீட்டினாள்.

"போகட்டும்" என்றேன்.

"எது?"

"பஸ்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். செல்வராஜிடம் திரும்பி, "ஆட்டோக்காரரை அப்புறமா வரச் சொல்லுங்க தம்பி" என்றாள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய பூவைக் குச்சியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்திருந்ததில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எறும்பு கடித்தது. வேட்டியில் பழுப்புக் கறை. முதலில் தெரியாத ஒரு புளிச்ச வாசனை போகப் போகத் தெரிந்தது. பத்து நிமிஷம் எவ்வளவு நேரம் என்று பார்க்க நினைத்தேன், கடிகாரத்தைப் பார்க்காமல் அது முடியாது என்பதால் விட்டுவிட்டேன். என் தலையில் விழுந்த ஒரு பூவை எடுத்துக் கோகிலா என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தத் தடவையாவது நெறத்த எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். வெள்ளை. நடுவில் லேசான ஊதா. காம்பருகே பழுப்பு. விழுந்து கிடந்தால் மாலைக்குள் முழுக்கப் பழுப்பு.

திருத்தம்

செல்வராஜ் கேட்டபடி, நீலம் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பங்குனியில் அங்கே தரையை மூடுவது புங்கம்பூ. நீலப்பூ கார்த்திகையில். அவருக்கு நன்றி.

நாங்கள் போனது பங்குனியில் என்று எழுதியதைத் திரும்பப் பெறவும், அப்படியே விடவும், இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் போதவில்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. பதிவறையில் இரண்டு பேர் எழுத்து ஒரே காகிதத்தில் இருந்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்போம். எந்தக் கோடு மேலே ஓடுகிறதோ அது பின்னால் எழுதப்பட்டது. இந்தத் தாளில் என் கடைசி வரி கீழே சரிந்து வந்திருக்கிறது. 'முன்னதாகவே' என்ற சொல்லின் கடைசி எழுத்து, அவள் எழுதிய 'வெல்லம்' மேல் ஓர் இடத்தில் படுகிறது. என் கோடு மேலே இருந்தால் அவளுடைய சீட்டுதான் முதலில், தாள் அடுக்களையிலிருந்து வந்தது, போனது கார்த்திகை. அவள் கோடு மேலே இருந்தால் பங்குனி.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்து நாலு தடவை பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே நீல மை, ஒரே பேனாவாகக்கூட இருக்கலாம். வெட்டும் இடத்தில் ஒரு புள்ளியாக ஊறியிருக்கிறது.

எது மேலே, எது கீழே என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.